தூரத்துப் பறைக்குக் கைதட்டுவோர்

ஆங்கிலம் கற்ற நம்மவரிடத்தில் ஒரு விசித்திரமான குணம் உண்டு. ஒரு பொருள் எவ்வளவு எளியோரிடத்தில் பிறந்ததாயினும், அது கடல் கடந்து, வழவழப்பான தாளில் அச்சாகி, நுழைவுச் சீட்டோடு வந்துவிட்டால் அதன்முன் கைகட்டி நிற்பார்கள். அதே பொருள் தம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கிடந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகுவார்கள். இக்குணத்திற்குச் சான்றுகள் பல காட்டலாம். இன்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கின்றேன். அது ஜாஸ் இசை. அதிலும் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் பழைய பாணி ஜாஸ்.

நான் ஜாஸைப் பழிக்க வந்தவனல்லேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். ஆங்கிலத்திலேயே பாடங் கேட்டு வளர்ந்து, பேரா மாநிலத்துத் தோட்டமொன்றில் கிராணி உத்தியோகம் பார்த்துவரும் எனக்கு, நாள் முழுதும் பெயர்ப் பதிவும் கூலிக் கணக்கும் கண்டு களைத்த பிறகு செவிக்கு உணவாவது பெரும்பாலும் அவ்விசையே. என் வழக்கு இசையின்மேலன்று. அதைக் கேட்கும் காதின்மேல்.

அமெரிக்காவில் மிஸிஸிப்பி ஆற்றங்கரையில் உள்ளது நியூ ஆர்லியன்ஸ். அந்நகரின் பழைய பிரெஞ்சுப் பேட்டையில், செயிண்ட் பீட்டர் தெருவில், 'பிரிஸர்வேஷன் ஹால்' என்று ஓர் இடம் உண்டு. காப்பு மண்டபம் என்று பொருள் சொல்லலாம். பெயர்தான் மண்டபம். உள்ளே போனால் நம் பழைய லயத்து வீட்டின் முன்னறை இரண்டைச் சேர்த்தாற் போன்ற ஒரு கூடம். சாயம் போன சுவர். முதுகு சாயாத மரப் பலகைகள். முன்வரிசைக்குத் தரையில் போட்ட மெத்தைத் துண்டுகள். குடியில்லை, சாப்பாடில்லை, ஒலிபெருக்கியும் இல்லை. வாசிப்போருக்கும் கேட்போருக்கும் நடுவே ஒரு முழத் தூரமே. இங்கே தினந்தோறும் மாலையில் ஜனங்கள் தெருவில் வரிசை பிடித்து நின்று உள்ளே நுழைகின்றனர்.

இது தொடங்கியது 1961-ஆம் ஆண்டில். அலன் ஜாஃபி, சாண்ட்ரா ஜாஃபி என்னும் இளந்தம்பதிகள் மெக்ஸிகோவுக்குத் தேனிலவு போய்த் திரும்பும் வழியில் அந்நகரில் தங்கினார்கள். அப்போது அக்கூடம் லாரி போரன்ஸ்டைன் என்பவரின் சித்திரக் கடை. இரவில் கடையைவிட்டு நகர முடியாமையால் அவர் வயது முதிர்ந்த நீக்ரோ வித்வான்களை அழைத்து அங்கேயே வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜாஃபி தம்பதிகள் அதைக் கேட்டார்கள்; ஊர் திரும்பவில்லை. அக்கூடத்தை ஏற்று நடத்தினார்கள். வாசித்தவர்கள் யார்? ஜார்ஜ் லூயிஸ், கப்பல் துறையில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர். 'ஸ்வீட் எம்மா' பாரெட் என்னும் மூதாட்டி பியானோ வாசித்தார். வில்லி ஹம்ஃப்ரி, பெர்ஸி ஹம்ஃப்ரி என்னும் சகோதரர்கள். பெரும்பாலோர் ஊரார் மறந்துவிட்ட கிழவர்கள். 1963 முதல் அக்குழு ஊர் ஊராகப் பிரயாணம் செய்யத் தொடங்கிற்று. அலன் ஜாஃபி 1987-ல் காலமானார். அவர் மகன் பென் ஜாஃபி இன்று அதனை நடத்துகின்றார். 2005-ல் கத்ரீனாப் புயல் நகரை முழுகடித்தது. மறு ஆண்டே கூடம் திறக்கப்பட்டது. ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கின்றார்கள். குழு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கின்றது.

அவ்விசை நடக்கும் விதத்தையும் சொல்லவேண்டும். இல்லையேல் பின்னால் நான் சொல்லப்போவது விளங்காது. எக்காளம் பாட்டின் மெட்டை நடத்திச் செல்லும். கிளாரினெட் அதன் தலைக்குமேல் கொடி போலப் பின்னிப் படரும். டிராம்போன் கீழே நின்று இழுத்து இழுத்து விடை சொல்லும். பாஞ்சோவும் டூபாவும் நடை பிடிக்க, முரசு எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டும். ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுத்த ஸ்வரம் கிடையாது. எல்லாரும் ஒரே சமயத்தில் கற்பனை செய்கின்றார்கள்; எனினும் ஒருவர்மேல் ஒருவர் இடிப்பதில்லை. நம் நாதஸ்வர மல்லாரியில் இரு நாயனமும் இரு தவிலும் சேர்ந்து வெளுத்து வாங்கும்போது உண்டாகும் மயிர்க்கூச்சம் அதிலும் உண்டு.

நிற்க. இவ்விசை எங்கே பிறந்தது? ராஜ சபையிலா? கோவிலிலா? ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு பூட்டிக் கொண்டுவரப்பட்ட அடிமைகளிடத்தில். 1739-ல் தென் கரோலினாவில் அடிமைகள் முரசு கொட்டிக்கொண்டு கலகத்துக்கு எழுந்தார்கள். மறு ஆண்டே அம்மாகாணத்தார் சட்டமியற்றி, அடிமை முரசு கொட்டுவதைத் தடுத்தார்கள். முரசுக்கு அஞ்சிய ஆண்டைகள்! நியூ ஆர்லியன்ஸில் மட்டும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அடிமைகள் கூடிக் கொட்டி ஆட இடம் கொடுத்தார்கள். 1817-ல் அதையும் ஒரே ஒரு மைதானத்துக்குள் அடக்கி உத்தரவு போட்டார்கள். காங்கோ சதுக்கம் என்று இன்று அது வழங்குகின்றது. அடிமைத்தனம் ஒழிந்த பிறகு அம்மக்கள் சிறுசிறு சகாய சங்கங்கள் வைத்துக்கொண்டார்கள். உறுப்பினர் மாதாமாதம் சில காசுகள் கட்டுவார். நோய் வந்தால் மருந்து, இறந்தால் அடக்கச் செலவு, அதனோடு ஒரு பாண்டு வாத்தியமும் சங்கத்தின் பொறுப்பு. பிணத்தைக் கொண்டுபோகும்போது முரசின் அடி நரம்புக்குள் கைக்குட்டையைச் செருகி ஓசையை அமுக்கி, மெல்ல நடந்து, துயரப் பாட்டு வாசிப்பார்கள். அடக்கம் முடிந்தபின் கைக்குட்டையை உருவிவிட்டுத் துள்ளு நடையில் வாசித்துக்கொண்டு திரும்புவார்கள். பின்னால் தெருவே குடை பிடித்து ஆடிக்கொண்டு வரும்.

சாவுக்கு அடி, அதில் ஒரு நடை. திரும்பும்போது வேறு நடை. பின்னால் ஆடும் இளைஞர்கள். இதைப் படிக்கும் பேரா மாநிலத்துத் தமிழர் எவருக்கும் இது அமெரிக்கக் காட்சியாகத் தோன்றாது.

அக்காலத்தில் அந்நகரத்துக் கனவான்கள் இவ்விசையைப் போற்றினார்களா என்றால், அதுதான் இல்லை. 1918-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்நகரின் பெரிய தினசரி ஜாஸ் தங்கள் ஊரில் பிறந்ததென்று சொல்லப்படுவதையே அவமானமாகக் கருதித் தலையங்கம் எழுதிற்று. ஜாஸின் முதல் இசைத்தட்டு 1917-ல் வெளிவந்தது. அதில் வாசித்தவர் ஐவரும் வெள்ளையர்! விதைத்தவன் ஒருவன், அறுத்தவன் ஒருவன். பங்க் ஜான்ஸன் என்னும் எக்காள வித்வான் நெல் வயலில் கூலி வேலை செய்து, பல்லும் போய், எக்காளமும் இன்றிக் கிடந்தார். 1930-களின் இறுதியில் அன்பர் சிலர் அவரைத் தேடிப் பிடித்து, பின்பு பல் கட்டிவிட்டு, எக்காளம் வாங்கிக் கொடுத்து, 1942-ல் இசைத்தட்டுப் பதிந்தார்கள். அந்நகரத்தின் மைந்தரான லூயி ஆம்ஸ்ட்ராங் உலகமெங்கும் ராஜ மரியாதை பெற்றவர்; ஆயின் 1956-ல் லூயிசியானா மாகாணத்தார் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் வாசிக்கக்கூடாதென்று சட்டம் செய்தபோது, அச்சட்டம் இருக்குமளவும் பிறந்த ஊரில் வாசியேன் என்று நின்றார். 1965 வரையில் அங்கே வாசிக்கவில்லை. இன்றோ அந்நகரத்து விமான நிலையத்துக்கே 2001 முதல் அவர் பெயர். காங்கோ சதுக்கமும் அவர் பெயர் கொண்ட பூங்காவுக்குள் அடங்கியிருக்கின்றது. 2006-ல் பிரிஸர்வேஷன் ஹால் குழுவுக்கு அமெரிக்க அரசாங்கம் கலைப் பதக்கம் அளித்தது. அவமானம் என்று தூற்றியதற்கும் ஆபரணம் என்று பூண்டதற்கும் இடையே ஓர் ஆயுட்காலந்தான்.

இவ்வளவையும் நம் கனவான்கள் அறிவார்கள். சென்ற ஆண்டு ஈப்போவில் ஒரு நண்பர் வீட்டில் அக்குழுவின் கச்சேரிப் படத்தைப் பெரிய திரையில் இட்டு, ஏறக்குறைய இருபது பேர் கூடிப் பார்த்தோம். ஆசிரியர்கள், வக்கீல்கள், ஒரு டாக்டர், என்னைப் போல் கிராணிகள். சவ ஊர்வலக் காட்சி வந்தபோது ஒருவர் கண் கலங்கினார். மரணத்தை இப்படி வெல்லத் தெரிந்த ஜாதி அல்லவா என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதே கனவான், இரவுச் சாப்பாட்டின்போது, தாம் குடியிருக்கும் வீடமைப்புப் பகுதியில் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவர் இறந்ததையும், அவர் பேரப் பிள்ளைகள் தப்பு அடிக்க ஆள் கொண்டுவந்ததையும், குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் தாம் போய் அதை நிறுத்தியதையும் பெருமையோடு எடுத்துரைத்தார். அந்தக் காலத்து லயத்துப் பழக்கமெல்லாம் இங்கே வேண்டாமென்று சொல்லிவிட்டேன் என்றார். சுற்றியிருந்தோர் தலையசைத்தார்கள்.

நான் கேட்கின்றேன்: ஒரு மணி நேரத்துக்கு முன் கலங்கிய அந்தக் கண் எங்கே போயிற்று?

பேரா மாநிலத்தில் தப்பின் சரித்திரம் பால்மரத்தின் சரித்திரத்தோடு பிறந்தது. 1877-ல் ஹ்யூ லோ துரை கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அந்நடவில் தப்பிய மரமொன்று இன்றும் அவ்வூரில் நிற்கின்றது. அடுத்த முப்பது ஆண்டுகளில் காடெல்லாம் பால்மரமாயிற்று; கங்காணிகள் தமிழ் நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்தார்கள்; 1938-ல் இந்திய அரசாங்கம் தடுக்கும் வரையில் கப்பல் கப்பலாக வந்தார்கள். அவர்கள் மூட்டையில் என்ன கொண்டுவந்தார்கள்? ஒரு மாற்றுத் துணி, ஒரு சொம்பு, ஊர்த் தெய்வத்தின் பெயர், சிலர் தோளில் ஒரு தப்பு. மாரியம்மன் திருவிழாவுக்கும், பெண் சமைந்ததற்கும், கலியாணத்துக்கும், காமன் கூத்துக்கும், சாவுக்கும் அடித்தது அதுவே. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலோ விடியற் பிரட்டுக்கு ஆள் எழுப்பியதும் தப்பே. அம்மலைநாட்டுக் கவி ஸி. வி. வேலுப்பிள்ளை தம் தேயிலைத் தோட்டக் கவிதையை முரசோசையிலிருந்தே தொடங்கினார். அவசர காலச் சட்டம் பிறப்பதற்குக் காரணமான துப்பாக்கி வெடிகள் 1948 ஜூன் 16-ல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் கேட்டன என்று எல்லாச் சரித்திரப் புத்தகங்களும் எழுதுகின்றன. அதே தோட்டங்களில் அரை நூற்றாண்டு இரவுதோறும் கேட்ட தப்பைப் பற்றி ஒரு வரி எழுதியவர் எத்தனை பேர்?

பின்பு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் காசைத் திரட்டித் தோட்டம் வாங்கச் செய்த முயற்சி ஓரளவே தடுத்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் இடிந்தன. ஜனங்கள் ஈப்போ, புந்தோங், சுங்கை சிப்புட் முதலிய ஊர்களின் மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். தோட்டத்தில் ஒரு சாவென்றால் நூறு குடும்பமும் கேட்டறிந்த ஓசை, அடுக்கு வீட்டின் மூன்றாம் மாடியில் அயலார்க்குத் தொந்தரவாயிற்று.

சத்தம், சத்தம் என்கின்றார்கள். தோல் முரசுக்குச் சத்தமின்றி வேறென்ன இருக்கும்? அதே வீதியில் தீபாவளிக்கு முன் ஒரு வாரம் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு முழங்கினால் சங்கம் வாய் திறக்கக் காணோம். குடித்துவிட்டு அடிக்கின்றார்கள் என்பதும் ஒரு புகார். குடித்தவனைத் திருத்துங்கள், நியூ ஆர்லியன்ஸ் வித்வான்களெல்லாம் பச்சைத் தண்ணீர் விரதம் காத்தவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. இவ்விரண்டையும் இத்தோடு விடுகின்றேன்.

அதில் இலக்கணமில்லை, அது கலையன்று என்பவர்களுக்குச் சற்று நின்று விடை சொல்லவேண்டும். பறை அடிப்பதை இவர்கள் ஒரு நாளாவது கிட்ட நின்று பார்த்ததுண்டா? மரவளையத்தில் கன்றுத் தோலை இழுத்து ஒட்டிய அக்கருவி, ஈரக் காற்றில் தொய்ந்துவிடும். வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி, அனலில் காட்டிக் காட்டி விரலால் தட்டிச் சுருதி பார்ப்பார்கள். பேராவின் மழைக் காலத்தில் இது எளிய காரியமன்று. அரை மணிக்கு ஒருமுறை காய்ச்சவேண்டும். இடத் தோளில் சாய்த்து, இடக்கையில் மெல்லிய நீண்ட சிம்புக்குச்சியும் வலக்கையில் கனத்த குட்டையான அடிக்குச்சியும் பிடிப்பார்கள். இரண்டு குச்சிக்கும் இரண்டு குரல். ஒன்று நடுவில் விழும், மற்றொன்று விளிம்பில் பேசும். சாவுக்கென்று அடி வேறு, சாமிக்கென்று வேறு, கலியாணத்துக்கு வேறு. தூரத்தில் நிற்பவன் அடியைக் கேட்டே வீட்டில் நடந்தது இன்னதென்று அறிவான். நால்வர் அடிக்கும்போது ஒருவர் நடை மாற்றினால் மற்ற மூவரும் கண்ணாலேயே அறிந்து மாறுவார்கள். எழுதிய ஸ்வரமின்றிக் கூடிக் கற்பனை செய்வது ஜாஸின் பெருமை என்றால், இது என்ன? இலக்கணம் ஏட்டில் இல்லாமற் போனால் கையில் இருக்கக்கூடாதா?

மிருதங்கத்தை மட்டும் இவர்கள் கும்பிடுவார்கள். 1958-ல் டேவ் புருபெக் என்னும் அமெரிக்கரின் ஜாஸ் குழு சென்னைக்கு வந்தபோது அதன் முரசு வித்வான் ஜோ மொரெல்லோ, மிருதங்கம் பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்து வியந்தார் என்பதை என் நண்பர்கள் மனப்பாடமாய்ச் சொல்வார்கள். நானும் மகிழ்கின்றேன். ஆயின் அந்த மிருதங்கத்தில் போர்த்திய தோலும் மாட்டுத் தோலே. அதைப் பதனிட்டுக் கட்டியவரும் பெரும்பாலும் பறை கட்டியவருடைய உறவின் முறையாரே. மேடையில் ஏறியவுடன் தோலின் ஜாதி மாறிவிடுமா?

ஆக, உண்மைக் காரணம் வெளியே வந்துவிட்டது. சத்தமுமன்று, குடியுமன்று, இலக்கணமுமன்று, ஜாதி. தப்பென்றால் ஆதிதிராவிடன், ஆதிதிராவிடன் என்றால் தீட்டு. கடல் கடந்து நூற்றைம்பது ஆண்டாகியும், மலாய்க்காரரோடும் சீனரோடும் ஒரே மேசையில் உண்டும், இந்த ஒன்று மட்டும் உப்புக் காற்றில் கரையவில்லை.

இங்கேதான் என் நெருங்கிய தோழர்கள் சிலரே என்னை மறிக்கின்றார்கள். அவர்கள் ஜாதியை ஆதரிப்போர் அல்லர், பகுத்தறிவாளர், 1929-ன் இறுதியில் ஈ. வெ. ரா. இந்நாட்டிற்கு வந்து பேசிச் சென்ற காலந்தொட்டு வழிவழியாகச் சீர்திருத்தத்தில் ஊறிய குடும்பத்தார். அவர்கள் கேட்பது: பறை எங்கள் பாட்டன்மார் கழுத்தில் மாட்டப்பட்ட அடிமைச் சின்னமன்றோ? மேல்ஜாதியான் வீட்டுப் பிணத்துக்குக் கொட்டவேண்டும், செத்த மாட்டைத் தூக்கவேண்டும், படி நெல்லுக்குக் கையேந்தவேண்டும் என்று விதித்ததனாலன்றோ அது எங்கள் கையில் வந்தது? தென்னார்க்காட்டில் இளையபெருமாள் போன்ற தலைவர்கள் இனிப் பறை அடியோம் என்று போராடி அடி பட்டது எதற்கு? கஷ்டப்பட்டுக் கீழே போட்டதை நீர் மறுபடியும் எடுத்து மாட்டச் சொல்கின்றீரா?

இது சில்லறைக் கேள்வியன்று. அப்போராட்டம் நியாயமானது, அதைச் செய்தோர் வணங்கத்தக்கோர். இன்னும் ஒன்று சொல்வேன். நான் மேலே காட்டிய உவமையிலும் ஒரு வேற்றுமை உண்டு. நியூ ஆர்லியன்ஸ் வித்வான் தன் மக்களின் சாவுக்குத் தன் சங்கத்தின் காசில் வாசித்தான். தலையில் தொப்பியும் உடலில் நல்ல உடுப்பும் அணிந்து வாசித்தான். அதற்குக் கூலி பேசினான். நம் கிராமத்தில் பறையடித்தவன் பிறரின் சாவுக்கு அடித்தான். மறுக்க உரிமையின்றி அடித்தான். ஆகவே அங்கே முரசு பெருமையாயிற்று, இங்கே இழிவாயிற்று. இதை மறைத்துவிட்டு இரண்டும் ஒன்றே என்று பேசுபவன் பொய்யன்.

ஆயினும் தோழர்களே, எரிக்கப்படவேண்டியது எது? பறையா, கட்டாயமா? கட்டாயத்தைச் செய்தவன் ஆண்டை. பறையைச் செய்தவன் உன் பாட்டன். ஆண்டையின் உத்தரவை மறுத்தது வீரம். ஆண்டை இல்லாத இடத்தில், உன் பாட்டன் கைவேலையை நீயே வெட்கப்பட்டுக் குப்பையில் போட்டால், ஆண்டை நினைத்ததை அவன் செத்த பிறகும் நீ செய்து முடித்ததாகாதா? இந்நாட்டுத் தோட்டத்தில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். துரைக்குப் பறை தெரியாது. படி நெல் கிடையாது. கூலி கம்பெனிக் கணக்கில் வந்தது. ஜாதி இருந்தது, லயத்துக்கு லயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பறையடித்தவன் பெரும்பாலும் தன்னோடு மரம் வெட்டியவனுக்காக அடித்தான். தன் தாய்க்கு அடித்தான். மரண சகாய நிதிக்குத் தானும் இரண்டு வெள்ளி போட்டுவிட்டு அடித்தான். கிராமத்தில் விதியாயிருந்தது தோட்டத்தில் உறவாக மாறத் தொடங்கியிருந்தது. நியூ ஆர்லியன்ஸ் சகாய சங்கத்துக்கு நாம் மிக அருகில் வந்திருந்தோம். அதற்குள் கிராணிமாரும் வாத்தியார்மாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டோம்.

மேலும், முரசைக் கண்டு அஞ்சி அதைத் தடுத்தவர்கள் தென் கரோலினாவின் ஆண்டைகள். அடிமைகள் அதை விடவில்லை. தோல் பறிபோனால் கைதட்டியும் காலால் தட்டியும் தாளத்தைக் காப்பாற்றினார்கள். அப்படிக் காத்ததனாலன்றோ இன்று நம் நண்பர் வீட்டுத் திரையில் அது வருகின்றது!

தமிழ் நாட்டில் இவ்வுண்மை சிலருக்கு விளங்கியிருக்கின்றது. திண்டுக்கல்லில் 'சக்தி' என்னும் குழுவில் ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்களே பறையைத் தோளில் மாட்டி ஆடி அடிக்கின்றார்கள். பெண் தொடக்கூடாது என்ற கட்டும், தொட்டவன் இழிந்தவன் என்ற கட்டும் ஒரே அடியில் அறுந்தன. மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் இந்திய அரசாங்கம் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. இனிமேல் நம் கனவான்கள் பறைக்கும் கைதட்டுவார்கள். விருது டில்லியிலிருந்து வந்ததல்லவா? புந்தோங்கில் அடிப்பவனுக்கு மட்டும் இன்னும் காது மூடியே இருக்கும்.

உறுமி மேளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இடிந்த தோட்டங்களின் பிள்ளைகள் பலர் இன்று உறுமி மேளக் குழுவில் இருக்கின்றார்கள். தைப்பூசத்தன்று புந்தோங் மாரியம்மன் கோவிலிலிருந்து குனோங் சீரோ கல்லுமலை சுப்பிரமணியர் கோவில் வரை காவடிக்கு முன் நடந்து அடிப்பவர்கள் இவர்களே. தைப்பூசம் நெருங்கினால் இவர்களுக்கு எச்சரிக்கை விடும் அறிக்கைகள் பிறக்கும்: சினிமா மெட்டு அடிக்காதே, கூச்சலிடாதே, ஆடாதே. சினிமா மெட்டு எனக்கும் பிடிக்காது. ஆனால் ஒரு சிறு சேதி. பேரா மாநிலத்துப் பண்ணின் மெட்டே 1957-ல் இந்நாட்டின் தேசியப் பண்ணாக ஏற்கப்பட்டது; அதே மெட்டு அதற்கு முன் 'தெராங் புலான்' என்ற பெயரில் பங்சாவான் மேடையிலும் நடன விருந்திலும் காதற் பாட்டாகப் பாடப்பட்டதே. மெட்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்து மரியாதை கொடுப்பதானால் நாம் பல இடங்களில் எழுந்து நிற்கவே முடியாது. இப்பிள்ளைகளுக்கு எச்சரிக்கை விடுவோர், பழைய அடிகளைக் கற்றுக்கொடுக்க ஒரு பெரியவரை அமர்த்தி, ஒரு கூடம் திறந்துவிட்டார்களா? கற்பிக்காமல் கண்டிக்க இவர்களுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது?

அலன் ஜாஃபி வியாபாரப் படிப்புப் படித்தவர். அவர் அக்கூடத்தில் ஒரு பலகை மாட்டியிருந்தார். கேட்போர் விரும்பும் பழைய பாட்டுக்கு 1 டாலர். மற்றப் பாட்டுக்கு 2 டாலர். எல்லாரும் கேட்டுக் கேட்டு வித்வான்களுக்குச் சலித்துப்போன 'செயிண்ட்ஸ்' பாட்டுக்கு 5 டாலர். எனக்கு அக்கூடத்தின் சுவரை விட, மெத்தையை விட, இந்தப் பலகையின்மேல் மதிப்பு அதிகம். கலைஞனுக்குப் பிச்சை போடாதே, விலை கொடு. அவன் அலுப்புக்கும் விலை கொடு என்று அது சொல்லிற்று.

நம்மிடத்தில் இன்றும் தப்புக்காரருக்குக் கூலி பேசுவது எப்படி? சாவு வீட்டின் பின்புறத்தில், ஒரு புட்டியும் கசங்கிய நோட்டும் கொடுத்து. அவர் பெயர் என்னவென்று கேட்பாரில்லை. இதே ஜனங்கள் கலியாணத்துக்கு நாதஸ்வரக்காரரை அமர்த்தினால் பத்திரிகையில் பெயர் போடுகின்றார்கள். தாம்பாளத்தில் வைத்துச் சம்பாவனை கொடுக்கின்றார்கள்.

இதற்கு மாநாடு கூட்டித் தீர்மானம் போடவேண்டியதில்லை. சாவு அறிவிப்புத் தாளில் அடிக்கப்போகும் குழுவின் பெயரைப் போடலாம். கூலியை முன்பக்கத்து வாசலில், பகலில், உறையிலிட்டுக் கொடுக்கலாம்; புட்டியை நிறுத்தலாம். இன்னின்ன நேரத்தில் அடிப்பது, இன்ன நேரத்தோடு நிறுத்துவது என்று குடியிருப்போர் சங்கம் வீட்டாரோடு உட்கார்ந்து பேசலாம். போய் நிறுத்திவிட்டு வந்து இரவுச் சாப்பாட்டில் பெருமை பேசுவதைவிட அது நாகரிகம். தமிழ்ப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் ரிக்கார்டர் என்னும் குழல் ஊதக் கற்கின்றார்கள், நல்லது, ஊதட்டும். வாரத்தில் ஒரு மாலை அதே வகுப்பறையில் இரண்டு தப்பும் நான்கு குச்சியும் வைத்து, பழைய அடிகள் தெரிந்த ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கற்பிக்கச் சொல்லலாம். அப்படித் தெரிந்தவர் எங்கே கிடைப்பார் என்று கேட்கின்றவர்கள், எங்கள் தோட்டத்துச் சம்பளப் புத்தகத்தைப் பார்க்கட்டும். அறுபது வயது தாண்டிய மூவர் இன்னும் அதில் இருக்கின்றார்கள்; மூவருக்கும் அடி தெரியும்; ஒருவருக்கு வலக்கை நடுங்கத் தொடங்கிவிட்டது.